சம்மர்லாந்து தீ, 1973: கடலில் இருந்தவர் சொன்ன செய்தி

1973 ஆகஸ்ட் 2, வியாழக்கிழமை. மணி இரவு எட்டு. ஆனால் மேன் தீவின் டக்ளஸ் நகரில் ஆகஸ்ட் மாதத்தில் எட்டு மணிக்கு இருட்டாது, வானத்தில் நல்ல வெளிச்சம் இருக்கும். கரையிலிருந்து இரண்டு மைல் தள்ளிப் போய்க்கொண்டிருந்த ஒரு கப்பலின் கேப்டன் நகரத்தின் பக்கம் திரும்பிப் பார்க்கிறார். தீவு முழுவதும் பற்றி எரிவதுபோல் தெரிகிறது. ரேடியோவில் கடலோரக் காவல்படையை அழைத்து, பார்த்ததை அப்படியே சொல்கிறார். அவர்கள் உடனே தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்கிறார்கள்.

ஏறக்குறைய அதே நேரத்தில் ஒரு டாக்சி அலுவலகத்திலிருந்தும் அழைப்பு போகிறது. எரிந்துகொண்டிருந்தது சம்மர்லாந்து என்ற கேளிக்கைக் கட்டடம். அதற்குள் அப்போது சுமார் 3,000 பேர் இருந்தார்கள். பெரும்பாலும் விடுமுறைக்கு வந்தவர்கள், அவர்களைக் கவனித்துக்கொள்ளும் ஊழியர்கள். தீயணைப்புப் படைக்கு முதலில் தகவல் சொன்னது அவர்களில் யாரும் இல்லை. முதல் பொறி விழுந்து அதற்குள் கிட்டத்தட்ட அரை மணி நேரம் ஓடிவிட்டது.

அன்று இறந்தவர்கள் ஐம்பது பேர். குழந்தைகளும் அதில் உண்டு. இந்த விபத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் கட்டடத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள், பேச வேண்டியதும்தான். எனக்கு மட்டும் அந்த அரை மணி நேரத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. அவ்வளவு பேர் நடுவில் எரிந்த தீயை, இரண்டு மைல் தள்ளி இருந்தவர் எப்படி முந்திக்கொண்டு சொன்னார்?

வெயிலைக் கட்டடத்துக்குள் கொண்டுவந்தார்கள்

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே ஐரிஷ் கடலில் இருக்கிறது ஐல் ஆஃப் மேன் என்ற மேன் தீவு. பிரிட்டனின் தொழிற்சாலை ஊர்களில் உழைத்தவர்கள் கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு கப்பலேறிப் போகும் இடமாக அது பல தலைமுறைகள் இருந்தது. 1960-களில் நிலைமை மாறியது. விமானக் கட்டணத்தையும் விடுதி வாடகையையும் சேர்த்து ஒரே தொகையாக விற்கும் சுற்றுலாக்கள் வந்தன. அதே செலவில் ஸ்பெயினுக்குப் போய் நிச்சயமான வெயிலில் படுத்துக்கிடக்கலாம். மேன் தீவில் வெயில் எப்போது வரும், எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அதற்குத் தீவு கண்டுபிடித்த பதில்தான் சம்மர்லாந்து. டக்ளஸ் விரிகுடாவின் ஓரமாக நீளும் கடற்கரைச் சாலையின் வடக்கு முனையில், பின்னால் பாறைச் சரிவும் முன்னால் கடலுமாக, பிரமாண்டமான ஒரு கேளிக்கைக் கட்டடம். 1971-இல் திறந்தார்கள். பத்தாயிரம் பேர் வரை கொள்ளும் என்றார்கள். உள்ளே எப்போதும் 27 டிகிரி செல்சியஸ் சூடு. வெளியே மழை பெய்தாலும் உள்ளே கோடைக்காலம். விளையாட்டு எந்திரங்கள், நிகழ்ச்சி மேடை, மது அருந்துமிடம், நடனக்கூடம், குழந்தைகளுக்குத் தனி இடம், எல்லாம் ஒரே கூரையின் கீழ்.

நடுவில் பெரிய கூடம். அதைப் பார்த்தபடி மேலே அடுக்கடுக்காகத் திறந்த மாடங்கள். எங்கே நின்றாலும் மற்ற மாடங்கள் கண்ணில் படும், பாட்டுச் சத்தம் கேட்கும். திருவிழாக் கூட்டத்துக்குள் நிற்பது போன்ற அந்த உணர்வுக்காகவே அப்படிக் கட்டினார்கள். அந்த வெற்றிடம்தான் பின்னால் புகைபோக்கியாக மாறியது.

கூரையும் கடலைப் பார்த்த பெரிய முகப்பும் கண்ணாடிபோல் தெரியும் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் தகடுகள். ஓரோகிளாஸ் என்பது அதன் வணிகப் பெயர். அக்ரிலிக் எரிவதை அருகில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அது மரத்தைப்போல் கருகிக் கரியாவதில்லை. முதலில் இளகும், தொய்யும். அப்புறம் சன்னமாகப் படபடவென்ற சத்தத்தோடு எரியும், எரிந்தபடியே சொட்டும். கீழே விழும் ஒவ்வொரு துளியும் ஒரு சின்னத் தீ. கடைசியில் அங்கே ஒரு தகடு இருந்ததற்கான சுவடுகூட மிஞ்சாது.

இது தெரியாமல் பொருத்தினார்கள் என்றும் சொல்ல முடியாது. டக்ளஸ் நகரக் கட்டட விதிகளில் 39-ஆவது விதி, வெளிச்சுவர் எரியாத பொருளால் ஆனதாகவும் இரண்டு மணி நேரம் தீயைத் தாங்குவதாகவும் இருக்க வேண்டும் என்று சொன்னது. அந்த விதியிலிருந்து 1967-இல் விலக்கு வாங்கினார்கள். சூடேறினால் தகடு இளகிச் சட்டத்திலிருந்து கழன்று விழுந்துவிடும், புகையும் வெளியே போய்விடும் என்ற வாதம் அப்போது எடுபட்டது. தீ தரையிலிருந்து மெல்ல மேலேறி வரும், தகடுகளுக்கு இளகி விழ அவகாசம் கிடைக்கும் என்ற நினைப்பு அதற்குள் ஒளிந்திருந்தது.

தீ அந்த வழியாக வரவே இல்லை.

ஏழரையிலிருந்து எட்டு வரை

கட்டடத்தின் ஒரு பக்கத்தில் வெளியே குட்டி கோல்ஃப் மைதானம். அதை ஒட்டிப் பயன்பாட்டில் இல்லாத ஒரு சின்னக் கடைக்கூண்டு. மாலை ஏழரை மணிவாக்கில் மூன்று சிறுவர்கள் அதற்குள் புகுந்து சிகரெட் பிடித்தார்கள். கூண்டு பற்றிக்கொண்டது. ஊழியர்கள் பார்த்துவிட்டு ஓடிவந்து தாங்களே அணைக்கப் பார்த்தார்கள். எரிந்துகொண்டிருந்த கூண்டு சரிந்து கட்டடத்தின் சுவரில் சாய்ந்தது.

அந்தப் பக்கச் சுவரில் அக்ரிலிக் இல்லை. அது கால்பெஸ்டாஸ் என்ற தகடு. உள்ளே எஃகு, அதன் இரு பக்கமும் ஆஸ்பெஸ்டாஸ் படலம், அதற்கு மேல் தார் கலந்த பூச்சு. எஃகு, ஆஸ்பெஸ்டாஸ் என்று கேட்டால் தீ அண்டாது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் எஃகு சூட்டைக் கடத்தும், பூச்சு எரியும். அந்தத் தகட்டுக்குப் பின்னால் சுமார் ஓர் அடி இடைவெளி. அதற்கும் பின்னால், விளையாட்டு எந்திரங்கள் இருந்த கூடத்தின் உள்சுவராக, எளிதில் எரியக்கூடிய மரநார் அட்டை.

தீ அந்த ஓர் அடி இடைவெளிக்குள் இறங்கியது. வெளியே நின்றவர்களுக்கு அது தெரியவில்லை. அவர்கள் பார்த்ததெல்லாம் எரிந்து கொட்டிக் கிடந்த கூண்டைத்தான். உள்ளே இருந்தவர்களுக்கும் தெரியவில்லை, அவர்களுக்குத் தெரிந்தது சுவர். இரண்டு பக்கமும் ஆட்கள் நிற்க, நடுவில் யார் கண்ணிலும் படாமல் தீ வளர்ந்தது. அடைபட்ட இடத்தில் அட்டையிலிருந்து கிளம்பிய எரிவாயுக்கள் சேர்ந்துகொண்டே போயின. எட்டு மணி நெருங்கும்போது வெடித்ததுபோல் கூடத்துக்குள் பாய்ந்தது. இதுதான் இந்த விபத்தின் மையம் என்பது என் கணிப்பு. அக்ரிலிக் பற்றிக்கொண்டது அதற்கடுத்த கட்டம்.

அதற்குப் பின் நடந்ததைச் சொல்ல அதிக நேரம் வேண்டாம். தீ அக்ரிலிக்கைத் தொட்டது, முகப்பில் ஏறியது, கூரைக்குப் போனது. தகடுகள் உருகி விழுந்த ஓட்டைகள் வழியாகக் காற்று உள்ளே புகுந்து இன்னும் ஊதிவிட்டது. எரியும் துளிகள் ஓடுபவர்கள்மேல் சொட்டின. பத்து நிமிடம் போல ஆகியிருக்கும், தகடுகள் இருந்த இடத்தில் வெறும் சட்டம். கப்பலிலிருந்து கேப்டன் பார்த்தது இதைத்தான்.

பார்த்தவர்கள், சொன்னவர்கள்

தீயை முதலில் பார்த்தவர்கள் அந்தச் சிறுவர்கள். பயந்திருப்பார்கள். அவர்களிடம் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை.

அடுத்துப் பார்த்தவர்கள் ஊழியர்கள். இவர்கள் சும்மா நிற்கவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தீயோடு மல்லுக்கு நின்றார்கள். எரிவது கட்டடம் இல்லை, வெளியே கிடக்கும் பழைய கூண்டு. சின்னத் தீ, நம் இடம், நாமே பார்த்துக்கொள்ளலாம். உள்ளே ஆயிரக்கணக்கான விருந்தாளிகள் சந்தோஷமாக இருக்கிறார்கள், அவர்களை எதற்குக் கலவரப்படுத்த வேண்டும்? அவர்கள் இடத்தில் நின்றிருந்தால் அந்த நிமிடத்தில் நமக்கும் இப்படித்தான் தோன்றியிருக்கும். தவறு தீயை அணைக்கப் போனதில் இல்லை. ஒருவர் அணைக்கப் போகும்போதே இன்னொருவர் தொலைபேசிக்கு ஓடியிருக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கக்கூடிய வேலைகள். அங்கே முதல் வேலை இரண்டாவதை மறைத்துவிட்டது.

அப்புறம் உள்ளே இருந்தவர்கள். முறைப்படி வெளியேற்றும் ஏற்பாடு எதுவும் நடக்கவில்லை. கண்ணெதிரே தீப்பிழம்பு வந்த பிறகுதான் கூட்டம் வாசலை நோக்கி நெரித்துக்கொண்டு ஓடியது. அதற்கு முன் புகை வாடையை உணர்ந்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் பாட்டு நிற்கவில்லை, பக்கத்து மேசைக்காரர் எழுந்திருக்கவில்லை. நாம் மட்டும் எழுந்து ஓடினால் என்ன நினைப்பார்கள்?

இது என் கற்பனை இல்லை. சம்மர்லாந்துக்கு ஐந்து வருடம் முன்பு, 1968-இல், பிப் லட்டானே, ஜான் டார்லி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஓர் அறையில் ஆளை உட்காரவைத்து ஒரு படிவத்தை நிரப்பச் சொல்வார்கள். கொஞ்ச நேரத்தில் சுவரில் உள்ள துவாரம் வழியாகப் புகை வர ஆரம்பிக்கும். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் வெளியே வந்து தகவல் சொன்னார்கள். மூன்று பேரைச் சேர்த்து உட்காரவைத்தபோது 38 சதவீதக் குழுக்களில் மட்டுமே ஒருவராவது சொன்னார். கூட இருக்கும் இருவரும் கண்டுகொள்ளாததுபோல் நடித்தபோது சொன்னவர்கள் வெறும் 10 சதவீதம். மற்றவர்கள் இருமினார்கள், கண்ணைக் கசக்கினார்கள், முகத்துக்கு முன் புகையைக் கையால் விசிறிவிட்டார்கள். விசிறிவிட்டுப் படிவத்தை நிரப்பினார்கள்.

அந்தக் கையசைப்பை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. புகை தெரிகிறது, தொண்டை கரிக்கிறது. ஆனாலும் அது தீ என்று முடிவுகட்டுவதற்குப் பக்கத்தில் இருப்பவரின் முகம் சம்மதிக்க வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் விடுமுறையின் குணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சொந்த வீட்டில் கருகல் வாசனை வந்தால் எழுந்து அடுப்படிக்குப் போவோம். விடுமுறையில் அடுப்படி நம்முடையது இல்லை, கட்டடம் நம்முடையது இல்லை, பொறுப்பும் நம்முடையது இல்லை. பார்த்துக்கொள்ள யாரோ இருக்கிறார்கள் என்ற நிம்மதிக்காகத்தானே காசு கொடுத்துப் போகிறோம். வழி தெரியாத கட்டடம், முன்பின் தெரியாத முகங்கள், எதைப் பார்த்தாலும் கேளிக்கையின் பகுதிபோல் தோன்றும் மனநிலை. கடற்கரையில் எங்கோ புகை எழுந்தால் யாரோ குளிர்காய நெருப்பு மூட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொள்வோம்.

கேப்டனுக்கு இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை. முழுக் காட்சியும் அவர் கண்ணில் ஒரே சட்டத்தில் விழுந்தது. நேரமும் அவருக்குச் சாதகம், அவர் பார்க்கும்போது தீ பெரிதாகிவிட்டது, சந்தேகப்பட ஒன்றுமில்லை. அதற்கு மேல் ஒன்று உண்டு என்று நினைக்கிறேன். கப்பலில் தீ என்றால் தப்பி ஓட இடம் கிடையாது. புகையைப் பார்த்தவர் யாராக இருந்தாலும் அந்த நொடியே குரல் கொடுக்க வேண்டும் என்பது கடல் தொழிலில் ஊறிப்போன பழக்கம். நம் வேலையா, வேறு யாராவது சொல்லியிருப்பார்களா என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. தொலைவு அவருக்குக் காட்சியைக் கொடுத்தது, தொழில் அவருக்கு வாயைக் கொடுத்தது.

பிள்ளைகளைத் தேடி மேலே போனவர்கள்

இவ்வளவு பேர் ஏன் இறந்தார்கள் என்றால் பீதியடைந்து ஓடினார்கள், மிதிபட்டார்கள் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவது வழக்கம். நெரிசல் இருந்தது உண்மை. அவசர வழிகள் சில பூட்டிக் கிடந்ததும் உண்மை. ஆனால் ஜொனாதன் சைம் என்ற ஆய்வாளர், பிழைத்தவர்கள் காவல்துறையிடம் கொடுத்த வாக்குமூலங்களை எடுத்து வைத்துக்கொண்டு யார் எந்தப் பக்கம் போனார்கள், ஏன் போனார்கள் என்று பார்த்தார். 1980-களில் வெளிவந்த அவருடைய ஆய்வு காட்டும் படம் வேறு.

மக்கள் கண்மண் தெரியாமல் ஓடவில்லை. தங்கள் மனிதர்களை நோக்கிப் போனார்கள். குடும்பமாகச் சேர்ந்திருந்தவர்கள் சேர்ந்தே நகர்ந்தார்கள். சிதறியிருந்தவர்கள் முதலில் ஒருவரையொருவர் தேடினார்கள். கட்டடத்தின் அமைப்பையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். பெரியவர்கள் ஒரு தளத்தில் நிகழ்ச்சி பார்க்கலாம், பிள்ளைகள் வேறு தளத்தில் விளையாடலாம் என்பதுதான் சம்மர்லாந்தின் கவர்ச்சியே. குடும்பத்தைப் பிரித்து உட்காரவைத்தால்தான் எல்லாருக்கும் விடுமுறை. தீ வந்ததும் அந்தப் பிரிவு முழுவதும் மாடிப்படிகளில் வந்து மோதியது. வாசலுக்குப் பக்கத்திலேயே இருந்த ஒரு தாய் வெளியே போகாமல் படியேறுவதை அறிவீனம் என்று யாரால் சொல்ல முடியும்?

சைம் கவனித்த இன்னொன்று வழியைப் பற்றியது. அவசர வழியை ஊழியர்கள் பயன்படுத்தினார்கள், ஏனென்றால் அது அவர்கள் தினமும் புழங்கும் பக்கம். பொதுமக்களில் பெரும்பாலோர், அவசர வழி அருகில் இருந்தும், தாங்கள் உள்ளே வந்த பெரிய வாசலை நோக்கியே போனார்கள். கதவுக்கு மேல் எழுதி வைத்த பலகையைவிட, ஒருமுறை கால் நடந்த பாதையை உடம்பு நம்புகிறது.

ஒரு பெரிய விடுதியிலோ கேளிக்கை இடத்திலோ நுழைந்ததும் அவசர வழி எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். பார்த்தால் போதாது என்று இந்த ஆய்வைப் படித்த பின் எனக்குத் தோன்றுகிறது. ஒருமுறை அந்த வழியாக வெளியே நடந்து வர வேண்டும், பிள்ளைகளையும் நடத்திக் கூட்டிவர வேண்டும். பிரிந்துவிட்டால் உள்ளே தேடாமல் வெளியே எந்த இடத்தில் சந்திப்பது என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். பெற்றோர் படியேறாமல் இருக்க வேண்டும் என்றால், பிள்ளை அங்கே வந்துவிடும் என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வேறு எந்த அறிவுரையும் அவர்களைத் தடுக்காது.

விசாரணை

நீதிபதி ஜோசஃப் கான்ட்லி தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. 1974 மே மாதம் அறிக்கை வந்தது. தகவல் சொல்வதிலும் ஆட்களை வெளியேற்றுவதிலும் நேர்ந்த தாமதத்தையும், எரியக்கூடிய கட்டுமானப் பொருட்களையும் அது கடுமையாகச் சாடியது. ஆனால் வில்லன் என்று யாரும் இல்லை, மனிதத் தவறுகள்தான் என்ற முடிவுக்கு வந்தது. இறந்தவர்களைப் பற்றிய தீர்ப்பு, எதிர்பாராத விபத்து என்பது. தண்டனை கிடைத்தது அந்தச் சிறுவர்களுக்கு: ஆளுக்கு 3 பவுண்டு அபராதம், கூண்டின் பூட்டை உடைத்ததற்கு 33 பென்ஸ் இழப்பீடு.

விலக்கு கொடுத்த கையெழுத்தை விட்டுவிட்டுப் பூட்டுக்கு விலை போட்ட கணக்கு இது. ஐம்பது குடும்பங்கள் இதை எப்படி ஏற்றுக்கொள்ளும்? யாரையாவது சிறையில் தள்ளியே ஆக வேண்டும் என்பதல்ல என் பேச்சு. வில்லன் இல்லை என்று எழுதியதும், யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது. ஒருவர் விதியைத் தளர்த்தினார், ஒருவர் மலிவான அட்டையைப் பொருத்தினார், ஒருவர் கதவைப் பூட்டினார், ஒருவர் தொலைபேசியை எடுக்கவில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் சின்னதாகத் தெரியும். அறிக்கையின் வேலை அவற்றைக் கோத்துக் காட்டுவது.

கட்டடத்தைப் பற்றிய பாடம் எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தது என்பதற்கு 2017 ஜூன் 14 சாட்சி. லண்டனின் கிரென்ஃபெல் கோபுரத்தில், நான்காவது மாடி வீட்டின் குளிர்பதனப் பெட்டியில் தொடங்கிய தீ வெளிச்சுவரில் ஒட்டியிருந்த எரியும் தகடுகளைப் பிடித்துக்கொண்டு மேலேறியது. 72 பேர் இறந்தார்கள். அங்கே அழைப்பு தாமதமாகவில்லை, அந்த வீட்டுக்காரரே உடனே தீயணைப்புப் படையை அழைத்தார். ஆனால் வீட்டைவிட்டு வெளியே வராதீர்கள் என்ற அறிவுரை விடியற்காலை இரண்டரை மணி தாண்டியும் நீடித்தது. ஆகவே தொலைபேசி அழைப்பு ஒன்றே எல்லாரையும் காப்பாற்றியிருக்கும் என்று சம்மர்லாந்தைப் பற்றியும் நான் சொல்லமாட்டேன். அந்தச் சுவர் எப்படியும் எரிந்திருக்கும். ஆனால் ஏழே முக்காலுக்கே மணி அடித்து, பாட்டை நிறுத்தி, கதவுகளைத் திறந்துவிட்டிருந்தால், அது எரியும்போது உள்ளே எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்பது வேறு கணக்கு.

எரிந்த கட்டடத்தை இடித்துவிட்டு 1978-இல் அதே இடத்தில் சிறியதாக ஒன்று கட்டினார்கள். அதையும் 2000-களின் நடுவில் இடித்துவிட்டார்கள். உறவுகளை இழந்தவர்களும் தப்பிப் பிழைத்தவர்களும் மன்னிப்புக் கேட்கச் சொல்லிப் பல வருடம் போராடினார்கள். ஐம்பதாவது ஆண்டான 2023-இல் மேன் தீவின் முதலமைச்சர் ஆல்ஃபிரட் கானன் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். தீ நடந்தபோது பத்து வயதாக இருந்த பிள்ளைக்கு அப்போது அறுபது வயது.

டக்ளஸ் கடற்கரைச் சாலையில் இறந்தவர்களின் பெயர் பொறித்த நினைவுக்கல் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே பார்த்தால், பாறைச் சரிவின் அடியில், ஐம்பது வருடம் கழித்தும் அந்த இடம் காலியாகவே கிடந்தது. முன்னால் மறைப்பு ஒன்றும் இல்லை, நேராகக் கடல் தெரியும்.